கிளட்ச் போச்சு என்று யார் சொன்னது?

"வண்டி இழுக்கலை."

ஜீப் மாதிரியான ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர் பட்டறையில் போய் இப்படிச் சொன்னால், பெரும்பாலும் அடுத்த நொடியே பதில் வந்துவிடும். "கிளட்ச் போச்சு சார். கியர் பாக்ஸை இறக்கணும்." யாரும் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்க மாட்டார்கள், குனிந்து அடியில் பார்த்திருக்க மாட்டார்கள். வயிறு வலிக்கிறது என்றவுடன் குடல்வாலை அறுக்கக் கத்தியை எடுக்கும் டாக்டரிடம் யாராவது போவார்களா? வண்டி விஷயத்தில் மட்டும் எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வருகிறார்கள்.

எஞ்சின் நன்றாக ஓடுகிறது, கியர் விழுகிறது, கிளட்ச் பெடலை விட்டாலும் வண்டி நகரவில்லை. இதற்குக் குறைந்தது பத்துக் காரணங்கள் இருக்கலாம். அவற்றில் கிளட்ச் ஒன்றுதான். சில காரணங்களுக்குச் செலவே கிடையாது. கியர் பாக்ஸை இறக்கியே தீர வேண்டிய காரணங்கள் அந்தப் பத்தில் இரண்டோ மூன்றோதான். இதில் வேடிக்கை என்னவென்றால், சாதாரணக் காரைவிட ஃபோர் வீல் டிரைவ் வண்டியில்தான் இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். காருக்குச் சக்தி வெளியேற ஒரே வழி. இதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு வழிகள். ஒரு வழி அடைத்துக்கொண்டால் இன்னொன்றைத் திறந்து பார்க்கலாம். எங்கே உடைந்திருக்கிறது என்பதை வண்டியே சொல்லிவிடும். கேட்கத்தான் ஆளில்லை!

முதலில் சக்தி போகும் பாதையைப் பார்த்துவிடலாம். எஞ்சினிலிருந்து கிளட்ச், அங்கிருந்து கியர் பாக்ஸ், அதன் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ். இந்த டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் முச்சந்தி. இங்கிருந்து ஒரு புரொபல்லர் ஷாஃப்ட் பின்னால் போகிறது, இன்னொன்று முன்னால் போகிறது. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு டிஃப்ரன்ஷியல். அதிலிருந்து இடமும் வலமுமாக ஆக்சில் ஷாஃப்டுகள், கடைசியில் சக்கரம். சங்கிலி மாதிரிதான். எந்தக் கண்ணி அறுந்தாலும் ஓட்டுநருக்குத் தெரியும் அறிகுறி ஒன்றே: வண்டி இழுக்கவில்லை.

டிஃப்ரன்ஷியல் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரியில் இதற்குப் பக்கம் பக்கமாகப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள்கூட மறந்துவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. சாதாரண டிஃப்ரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். வலது ஆக்சில் ஷாஃப்ட் உடைந்துபோனால் அந்தப் பக்கம் எதிர்ப்பு பூஜ்யம். அப்படியானால் இடது பக்கத்துக்குக் கிடைப்பதும் பூஜ்யம். உடைந்த துண்டு மட்டும் உள்ளே ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு இரும்புத் தண்டு உடைந்ததற்கு இரண்டு சக்கரமும் வேலைநிறுத்தம். "ஒரு பக்கம்தானே உடைஞ்சிருக்கும், இன்னொரு பக்கமாவது இழுக்குமே" என்று வாதாடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

சரி, உதாரணத்துக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். மேற்கு வங்காளத்தில் டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டி மானேபஞ்சன் என்று ஓர் ஊர். அங்கிருந்து 3636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்பூவுக்குச் சுமார் 31 கிலோமீட்டர் மலைப்பாதை. கல்லும் கொண்டை ஊசி வளைவுமாக இருந்த இந்தப் பாதையில் பல பத்தாண்டுகளாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போனவை 1950-களின் லேண்ட் ரோவர்கள். (பலவற்றில் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு மஹிந்திரா டீசல் எஞ்சினைப் பொருத்தியிருக்கிறார்கள். தாத்தாவுக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை!) 1948-ல் அறிமுகமான இந்த வகை லேண்ட் ரோவர்களின் பலவீனம் உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று. பின் ஆக்சில் ஷாஃப்ட் கொஞ்சம் மெலிசு. பாரம் ஏற்றி, ஏற்றத்தில் கிளட்சைப் பட்டென்று விட்டால் 'டங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அந்தப் பாதையில் பாதி ஏற்றத்தில் ஒரு ஓட்டுநருக்கு இப்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஆறு பயணிகள். சீசன் நேரம். வண்டியைக் கயிறு கட்டிக் கீழே இழுத்துவந்து, பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கச் சொன்னால் என்ன ஆகும்? அந்த வண்டியில் கியர் பாக்ஸை எடுக்க சீட்டுப் பெட்டி, தரைத் தகடு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும், ஒரு ஆள் தூக்கக்கூடிய கனம் இல்லை. இரண்டு மூன்று நாள் போய்விடும். கிளட்ச் பிளேட் புதிதாக மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, சாவியைத் திருகினால்... வண்டி இழுக்காது. ஏனென்றால் உடைந்தது ஆக்சில் ஷாஃப்ட். மூன்று நாள் வருமானம், கிளட்ச் பிளேட் காசு, கூலி எல்லாம் போன பிறகு "அப்போ பின்னாடிதான் ஏதோ" என்று ஆரம்பிப்பார்கள்.

இதையெல்லாம் தவிர்க்க அந்த ஓட்டுநருக்குத் தேவை பத்து நிமிடம். முதல் நான்கு சோதனைகளுக்கு சீட்டை விட்டு இறங்கவே வேண்டாம். அதற்கு முன் ஒரு நிபந்தனை. பயணிகளை இறக்கிவிட்டு, யாரையாவது விட்டு நான்கு சக்கரத்துக்கும் கல்லோ கட்டையோ போடச் சொல்ல வேண்டும். அது வரை காலை பிரேக் பெடலிலிருந்து எடுக்கக் கூடாது. ஏன் என்பது பின்னால் வருகிறது.

ஒன்று, டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர். பழைய லேண்ட் ரோவரில் சிவப்புக் குமிழ் வைத்த லீவர் முன்னால் தள்ளினால் ஹை, பின்னால் இழுத்தால் லோ, நடுவில் நியூட்ரல். மூட்டையோ, பயணியின் முழங்காலோ, விளையாடும் குழந்தையோ தட்டிவிட்டு லீவர் நடுவில் வந்து நின்றால், கியர் எல்லாம் ஒழுங்காக விழும், எஞ்சின் உறுமும், வண்டி அசையாது. இது எல்லாப் பழைய ஜீப்புக்கும் பொருந்தும். சிரிப்பாகத் தெரியலாம். ஆனால் இதற்காகவே கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட வண்டிகளும் உண்டு. லீவர் சரியான இடத்தில் இருந்தும் அது ஆட்டமாக இருந்தால், அடியில் அதை இணைக்கும் கம்பியின் புஷ் தேய்ந்து, உள்ளே கியர் முழுதாக விழாமல் இருக்கலாம். அது சில்லறைக் காசு வேலை.

இரண்டு, ஸ்பீடோமீட்டர் முள். இது அழகான சோதனை. இந்த வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கேபிள் சக்கரத்திலிருந்து வருவதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க வாயிலிருந்து வருகிறது. கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதிக்க வேண்டும். வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது, முள் மட்டும் மேலே ஏறுகிறது என்றால் முடிந்தது கதை. எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் நான்கும் தம் வேலையைச் செய்கின்றன. கோளாறு அதற்குப் பின்னால். ஓட்டுநரின் மூக்குக்கு நேரே இருக்கிற அந்த முள்ளை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் கொடுமை. (கேபிள் ஏற்கெனவே அறுந்துபோன வண்டிகளுக்கு இது உதவாது. மலை ஜீப்புகளில் அது அபூர்வமும் இல்லை!)

மூன்று, ஹேண்ட் பிரேக். பழைய லேண்ட் ரோவரிலும் வில்லிஸ் ஜீப்பிலும் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், புரொபல்லர் ஷாஃப்ட் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு டிரம் இருக்கும், அதைத்தான் பிடிக்கும். ஆகவே ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டால் எஞ்சின் திணறி நிற்க வேண்டும். நின்றால் அந்த டிரம் வரை எல்லாம் நலம், கிளட்சும் சேர்த்துத்தான். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் டிரம்முக்கு முன்னால் எங்கோ கோளாறு. எண்ணெய் கசிந்து ஊறிப்போன பிரேக் லைனிங்கில் இந்தச் சோதனை ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சக்கரத்தைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் உள்ள பிற்கால வண்டிகளில் எஞ்சின் நின்றால் இன்னும் நல்ல செய்தி. சக்கரம் வரை சங்கிலி அறுபடவில்லை என்று அர்த்தம்.

நான்கு, இரண்டாவது கதவைத் தட்டுவது. எஞ்சினை அணைத்துவிட்டு ஃபோர் வீல் டிரைவைப் போட வேண்டும். எஞ்சினால் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கும்போது போட்டால் உள்ளே பற்கள் மோதிக்கொள்ளும், இன்னொரு செலவு வந்து சேரும். பழைய லேண்ட் ரோவரில் மஞ்சள் குமிழை அழுத்தினால் ஃபோர் வீல் டிரைவ். பிறகு எஞ்சினைக் கிளப்பி, முதல் கியரில் மெதுவாக. முன் சக்கரங்கள் வண்டியை இழுக்க ஆரம்பித்துக் கட்டையில் முட்டினால் கிளட்சையும் கியர் பாக்ஸையும் குறை சொல்ல இனி ஒருவருக்கும் வழியில்லை. பின்பக்கம் எங்கோ அறுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மாருதி ஜிப்ஸி போன்ற பல வண்டிகளில் முன் சக்கரத்தின் நடுவில் ஃப்ரீ வீல் ஹப் என்று ஒன்று உண்டு. தேவையில்லாதபோது முன் ஆக்சிலைச் சக்கரத்திலிருந்து பிரித்து வைப்பதற்கு. அது 'ஃப்ரீ'யில் இருந்தால் ஃபோர் வீல் டிரைவ் போட்டாலும் முன் ஷாஃப்ட் வெறுமனே சுற்றும், சக்கரம் சுற்றாது. "பின்னாடியும் இழுக்கலை, முன்னாடியும் இழுக்கலை, அப்போ கியர் பாக்ஸ்தான்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். நிரபராதிக்குத் தண்டனை. இறங்கிப் போய் இரண்டு ஹப்பையும் 'லாக்'கில் திருப்பிவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

இந்த நான்கையும் முடித்தால், கோளாறு முச்சந்திக்கு முன்னாலா பின்னாலா என்பது தெரிந்துவிடும். மீதி கண்ணால் பார்க்கிற வேலை. பின்னால் என்றால் ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை மிதித்தபடி கியரைப் போட, இன்னொருவர் வண்டிக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அடியில் படுத்துக்கொண்டு பார்க்கக் கூடாது, ஒருபோதும் கூடாது. பின் புரொபல்லர் ஷாஃப்ட் சுற்றவில்லை, அல்லது ஒரு முனையில் தொங்குகிறது என்றால் கிராஸ் ஜாயின்ட்டோ போல்ட்டோ போயிருக்கும். ஷாஃப்ட் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால் டிஃப்ரன்ஷியல் அல்லது ஆக்சில் ஷாஃப்ட். கிரவுன் சக்கரத்தின் பல் உடைந்தால் பெரும்பாலும் சத்தம் போடும், கரகரவென்று அரைக்கும், எண்ணெயை வடித்தால் துண்டு துண்டாக இரும்பு வரும். மெல்லிய பொடி வந்தால் பயப்பட வேண்டாம், அது வயசான எல்லா டிஃப்ரன்ஷியலிலும் இருப்பது. ஆக்சில் ஷாஃப்ட் உடைந்தால் அந்த ஒரு 'டங்'குக்குப் பிறகு பெரும்பாலும் அமைதி.

எந்தப் பக்கத்து ஷாஃப்ட்? பழைய லேண்ட் ரோவரில் இதற்கு ஜாக்கிகூட வேண்டாம். வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஆக்சில் குழாயும் ஹப்பும்தான், உள்ளே இருக்கும் தண்டுக்குச் சுற்றுவது மட்டுமே வேலை. ஆகவே சக்கரம் தரையில் நிற்கும்போதே ஹப்பின் நடுவிலுள்ள ஆறு போல்ட்டைக் கழற்றித் தண்டை உருவிவிடலாம். முழுசாக வந்தால் அடுத்த பக்கம். குட்டையாக வந்தால் ஆள் அகப்பட்டான். உடைந்த மீதித் துண்டு டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும். அதைக் காந்தத்தாலோ கம்பிக் கொக்கியாலோ எடுத்தே ஆக வேண்டும். சில்லு ஒன்று உள்ளே தங்கினால் அடுத்த வாரம் கிரவுன் சக்கரமும் போகும். எல்லா வண்டிக்கும் இந்த வசதி கிடையாது. பல வண்டிகளில் சக்கரமே அந்தத் தண்டின் முனையில்தான் தொங்குகிறது. அங்கே தண்டு வெளிப்பக்கமாக உடைந்தால் சக்கரமே கழன்று வரலாம். இழுக்கவில்லை என்ற புகாரோடு சக்கரத்தில் ஆட்டமும் இருந்தால் அந்த வண்டியை ஒரு அடிகூட ஓட்டக் கூடாது.

கோளாறு முன்னால் என்று தெரிந்தால்? அப்போதும் உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டியதில்லை. கிளட்ச் தேய்ந்து சாவது மெதுவான சாவு. ஏற்றத்தில், உயர்ந்த கியரில், எஞ்சின் வேகம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. கருகிய நாற்றம் வரும். வாரக்கணக்கில் எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் போகும். நேற்று வரை நன்றாக இழுத்த வண்டி இன்று ஒரே நொடியில், நாற்றமே இல்லாமல் நின்றுபோனால் சந்தேகப்பட வேண்டியது தேய்மானத்தை அல்ல, முறிவை. கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி பிய்ந்துகொள்வதும் உண்டு. அப்படியானால் எஞ்சின் ஓடும்போது, கிளட்சை மிதிக்காமலேயே கியர் சத்தமில்லாமல் விழும். ஏனென்றால் கியர் பாக்ஸுக்குள் எஞ்சினின் சுற்றே வந்து சேரவில்லை. (மெதுவாகச் செய்து பார்க்க வேண்டும். முதல் 'கர்' சத்தத்திலேயே கையை எடுத்துவிட வேண்டும்.)

கிளட்ச் நழுவுகிறது என்றாலும் பிளேட்தான் காரணம் என்று இல்லை. பெடலுக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்க வேண்டும். அது இல்லாமல் இறுக்கி வைத்திருந்தால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாக மிதிபட்டே இருக்கும். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி, போன திரவம் திரும்பி வராமல் மாட்டிக்கொள்ளும். காற்று எடுக்கும் திருகைக் கொஞ்சம் திறந்துவிட்டு ஓட்டிப் பார்த்தால், நழுவல் நின்றுவிட்டதா? அப்படியானால் குற்றவாளி ஒரு ஹோஸ். அதற்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

லோ ரேஞ்சில் இழுக்கிறது, ஹை ரேஞ்சில் இழுக்கவில்லை என்று ஒரு புகார் வரும். டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் கெட்டுவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். லோ ரேஞ்ச் முறுக்கு விசையை இரண்டு, இரண்டரை மடங்கு பெருக்கித் தருவதால், நழுவும் கிளட்ச்கூட லோவில் சமாளித்துவிடும். ஹையில் போட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நாற்றம் வந்தால் கிளட்ச். நாற்றமே இல்லாமல் எஞ்சின் சும்மா சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ்.

இதுவரை சொன்னது, தேவையானபோது மட்டும் முன் சக்கரத்தைச் சேர்க்கும் வண்டிகளுக்கு. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகையும் உண்டு. 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவர், 1977-ல் வந்த ரஷ்ய லாடா நிவா, 1983-ல் வந்த லேண்ட் ரோவர் ஒன் டென் (பிறகு டிஃபெண்டர் என்று பெயர் பெற்றது இதன் வம்சம்தான்) எல்லாம் அந்த வகை. இவற்றில் முச்சந்தியிலும் ஒரு டிஃப்ரன்ஷியல் இருக்கிறது. முன்னால் சொன்ன பூஜ்யக் கணக்கு இங்கேயும் பலிக்கும். பின்னால் ஒரே ஒரு ஆக்சில் ஷாஃப்ட் உடைந்தாலும் முன் சக்கரங்களுக்குச் சக்தி போகாது. நான்கு சக்கரமும் நின்றுவிடும். பார்ப்பவருக்கு இது அப்படியே கிளட்ச் போன மாதிரியே இருக்கும்! ஆனால் இந்த வண்டிகளில் நடு டிஃப்ரன்ஷியலைப் பூட்ட ஒரு லீவரோ பொத்தானோ இருக்கும். அதைப் போட்டதும் வண்டி நகர்ந்தால் கோளாறு ஏதோ ஒரு ஆக்சிலில்.

டிஃபெண்டரில் இன்னொரு பிரபலமான நோயும் உண்டு. கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸின் முதல் பல்சக்கரத்துக்குள் நுழையும் இடத்தில் பற்கள் எண்ணெய் போதாமல் தேய்ந்துபோகும். ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு சத்தம், பிறகு ஒருநாள் எந்தக் கியரிலும் இழுக்காது. டிஃப் லாக் போட்டாலும் பயனில்லை. ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஒரு சிறு மூடி இருக்கிறது. அதைக் கழற்றி, எஞ்சினைக் கியரில் ஓடவிட்டுப் பார்த்தால், நடுவில் ஷாஃப்ட் சுற்றுவதும் அதைச் சுற்றியுள்ள பல்சக்கரம் சும்மா நிற்பதும் கண்ணுக்கே தெரியும். பல்சக்கரம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்த வழியாகவே மாற்றிவிடலாம். ஷாஃப்டும் தேய்ந்திருந்தால் மட்டும்தான் கியர் பாக்ஸ் கீழே வர வேண்டும்.

புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் எல்லாம் சொல்லிவிடுமே என்று கேட்கலாம். அங்கே ஸ்பீடோமீட்டருக்குச் செய்தி பல சமயம் சக்கரத்து சென்ஸாரிலிருந்து வருகிறது, ஆகவே முள் சோதனை பலிக்காது. ஷாஃப்ட் உடைந்தால் நான்கு சக்கரமும் அமைதியாக நிற்பதால், சக்கரங்களை மட்டும் கவனிக்கிற கம்ப்யூட்டருக்கு ஒன்றும் நடக்காத மாதிரியே தோன்றலாம். ஸ்கேனரில் ஒரு பிழையும் காட்டாமல் போகலாம். மறுபடி பக்கவாட்டில் நின்று கண்ணால் பார்க்கிற வேலைதான்.

இப்போது அந்த ஏற்றத்தில் நிற்கும் லேண்ட் ரோவருக்குத் திரும்பலாம். பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் புரொபல்லர் ஷாஃப்டை. அந்த ஷாஃப்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் உடைந்துவிட்டால் ஹேண்ட் பிரேக் எதைப் பிடிக்கும்? ஒன்றையும் இல்லை. கியரில் போட்டு நிறுத்துவதும் அதே காரணத்தால் வீண். வண்டியை நகர்த்த முடியாமல் செய்த அதே முறிவு, வண்டியை நிறுத்தவும் முடியாமல் செய்துவிடுகிறது. ஓட்டுநர் "சரி, என்னன்னு பார்ப்போம்" என்று ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினால் வண்டி பின்னோக்கி உருளும். அடியில் யாராவது படுத்திருந்தால் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றும் உடையாத வண்டியில்கூட, பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினாலே டிஃப்ரன்ஷியல் வழியாக இந்த ஹேண்ட் பிரேக்கின் பிடி போய்விடும். பிடியைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழி உண்டு. ஃபோர் வீல் டிரைவைப் போட்டால் முன் ஆக்சிலும் அந்த டிரம்மோடு சேர்ந்துகொள்ளும், ஹேண்ட் பிரேக்குக்கு மறுபடி பிடிக்க ஏதோ கிடைக்கும். ஆனாலும் கட்டையை எடுக்கக் கூடாது.

இவ்வளவும் மெக்கானிக்குகளைத் திட்டுவதற்காக அல்ல. அவர்களில் பலருக்கு இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தெரிந்தும் ஏன் கியர் பாக்ஸை இறக்குகிறார்கள்? இறக்கினால் கூலி கிடைக்கிறது. அரை மணி நேரம் யோசித்து, "லீவர் புஷ்தான் சார் போயிருக்கு" என்று சொன்னால் வண்டிக்காரர் என்ன கொடுப்பார்? டீக்குக் காசு. கழற்றுவதற்கும் பூட்டுவதற்கும் விலை உண்டு, கண்டுபிடிப்பதற்கு விலை இல்லை என்று வைத்தால், கண்டுபிடிக்கிறவர் ஏன் கண்டுபிடிக்க வேண்டும்? டாக்டரிடம் மருந்து வாங்காவிட்டாலும் பார்த்ததற்கு ஃபீஸ் கொடுக்கிற அதே ஆள், பட்டறையில் மட்டும் "பார்த்ததுக்கெல்லாமா காசு" என்று கேட்கிறார். தவறு ஆரம்பிப்பது அங்கே. கோளாறைப் பார்த்துச் சொல்வதற்குத் தனியாகக் கூலி பேசிவிட்டு, அதன் பிறகு வேலைக்குத் தனியாகப் பேசுவதுதான் வண்டிக்காரருக்கே லாபம். "கிளட்ச் எப்படியும் பழசுதானே, இறக்கினதோட மாத்திடலாம்" என்ற வாதமும் வரும். ரொம்ப ஓடிய வண்டியில், கியர் பாக்ஸ் வேறு காரணத்துக்காக நிஜமாகவே இறங்க வேண்டியிருந்தால் அது நியாயமான யோசனைதான். பின் ஆக்சில் உடைந்த வண்டிக்கு அது பொருந்தாது.

அந்த ஓட்டுநர் ஃபோர் வீல் டிரைவைப் போட்டு, முன் சக்கரத்தின் தயவில் மெதுவாகத் திரும்பி, பயணிகள் நடந்து வர, ஊருக்கு இறங்கிவிடலாம். வழியில் பின் டிஃப்ரன்ஷியலில் அரைக்கும் சத்தம் வந்தால் நிறுத்திவிட்டு, பின் புரொபல்லர் ஷாஃப்டைக் கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். உருவிய பக்கத்து ஹப் வாயைத் துணியாலாவது கட்டாவிட்டால் மண் உள்ளே போகும். ஷாஃப்ட் கைவசம் இருந்தால் ஊருக்கு வருவதுகூடத் தேவையில்லை. போகிற இடத்திலேயே ஒரு மணி நேர வேலை. அதனால்தான் இந்த வண்டிகளை ஓட்டிப் பழகியவர்கள் சீட்டுக்கு அடியில் ஆக்சில் ஷாஃப்ட் வைத்திருப்பது வழக்கம். ஒன்றல்ல, இரண்டு. டிஃப்ரன்ஷியல் நடுவில் இல்லாமல் வலது பக்கம் தள்ளி இருப்பதால் இடது தண்டு நீளம், வலது தண்டு குட்டை. ஒன்றை மட்டும் வைத்திருந்தால் உடைவது மற்றதாகத்தான் இருக்கும்!